ரெண்டு ஒண்ணாம் நம்பர் பனியன்

நல்லாச் சாஞ்சு உக்காருங்க தம்பி. உங்க தோளு என்ற சீட்டுல பாதி வந்துருச்சுன்னு நீங்க ஒடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பார்த்தா எனக்குத்தான் சங்கடமா இருக்குது. ஃப்ராங்க்ஃபர்ட்ல ஏறினா ஹூஸ்டன்லதான் எறக்கி விடுவான். அது வரைக்கும் இப்படியே மடக்கி வெச்சிருந்தீங்கன்னா தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்? பத்திரமா வெச்சுக்கோணுமில்லீங்களா, வேண்டிய தோளு அது.

ஏனுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க, எடை எத்தனை இருப்பீங்க?

தொண்ணூத்தஞ்சா. நெனைச்சேன். நீங்க ஏறி வர்றப்பவே பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க பெட்டிய ஒத்தைக் கையில தூக்கி மேல வெச்சீங்க, அந்த வெள்ளைக்காரம்மா பெட்டியவும் வாங்கித் தூக்கி வெச்சீங்க, மூச்சு வாங்கலை. ஊரு எதுங்க? கோபியா. அட, நமக்குப் பொள்ளாச்சிப் பக்கம், கோமங்கலம். என்ற பேரு நாச்சிமுத்து. ஹூஸ்டனுக்குப் போயி இருவத்தாறு வருஷமாச்சு. அக்கா பேத்திக்கு ஆனிக் கடைசி முகூர்த்தத்துல கல்யாணம், முடிச்சுப்போட்டு வர்றேன். நீங்க மொத தடவையாப் போறீங்களாக்கும். வேலை எதுலீங்க? சாஃப்ட்வேரா. அந்தத் தோளை வெச்சுக்கிட்டா. சரி, போகட்டும்.

பள்ளிக்கூடத்துல கபடி ஆடியிருக்கீங்களா? ஆடியிருப்பீங்க, கோபிக்காரரு ஆடாம எப்படி இருப்பீங்க. பாடிப் போறவரா, புடிக்கறவரா? புடிக்கறவரு. ரொம்பச் சந்தோசங்க. இந்த சீட்டை எனக்குப் போட்டுக் குடுத்த புள்ளைக்கு ஒரு கும்பிடு போடோணும்.

சுத்தி வளைக்காம விசயத்துக்கு வந்தர்றேன். ஒரு ஆள் வேணுமுங்க தம்பி. ஆடி நோம்பிக்கு, அதான் பதினெட்டாம் பெருக்குக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை ஹூஸ்டன்ல ஒரு ஆட்டம் இருக்குது. பதிமூணு பேரு எறங்கோணும். பன்னெண்டு பேருதான் இருக்கறாங்க. அந்த ஒரு ஆள் கெடைக்கலைன்னா ஒரு கழகமே கலைஞ்சு போயிரும். போர்டு, பனியன், பந்து, எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சுப்போட வேண்டியதுதான். இது வெளையாட்டுப் பேச்சு இல்லீங்க.

ரக்பி லீக்குன்னு பேரு. ரக்பி தெரியும்கறீங்க, இது ரக்பி இல்லீங்க, ரக்பி லீக். ரெண்டையும் ஒண்ணாச் சொன்னீங்கன்னா எங்க கோச்சு சேஃபோ மூஞ்சியத் திருப்பிக்குவான். அவன் சமோவாத் தீவுக்காரன், சிட்னியில வளர்ந்தவன், நம்ம கதவை அடைச்சுக்கிட்டு நிக்கற மாதிரி ஆகிருதி. ஆட்டம் ரொம்பச் சுலபமுங்க. பந்தைத் தூக்கிக்கிட்டு முன்னாடி ஓடோணும். ஆனா பக்கத்தாளுக்குக் குடுக்கறதா இருந்தா பின்பக்கமாத்தான் குடுக்கோணும். எதிராளி உங்களைக் கட்டிப் புடிச்சுச் சாய்ப்பான். ஆறு தடவை சாய்ச்சுட்டான்னா பந்து அவனுக்கு. அவ்வளவுதான். கட்டிப் புடிக்கறது நம்ம கபடிப் புடியேதான். தொடை, முட்டி, கணுக்கால். அந்த ஊருக்காரங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்க ஆறு மாசம் ஆகுது. நமக்கு அது ரத்தத்துலயே இருக்குது.

இதை ஹூஸ்டன்ல ஆரம்பிச்சது யாருன்னு கேட்டீங்கன்னா, நான்தானுங்க.

மருதாசலம்னு ஒருத்தன் இருக்கறான். அவனைப் பத்தி நான் பேச மாட்டேன். கதைக்குப் பேரு வேண்டியிருக்குது, அதுக்காகச் சொல்றேன், அத்தோட சரி. கோயமுத்தூர்ல காலேஜுல நானும் அவனும் ஒரே ரூம்பு, ஒரே கபடி டீம். நான் பாடிப் போவேன், அவன் புடிப்பான். அமெரிக்காவுக்கும் அவன் போனான், பின்னாலயே நான் போனேன். ஞாயித்துக்கிழமைன்னா காலையில அவன் ஊட்டுல காபி, மத்தியானம் என்ற ஊட்டுல சோறு. அதெல்லாம் பழைய கதை. இப்ப அவன் இருக்கற தெருப்பக்கம் நான் வண்டியே ஓட்டறதில்லை. மளிகைக் கடைக்குப் போறதுன்னா அந்தத் தெரு வழியாத்தான் போயாகோணும், அப்ப மட்டும் போவேன். அவன் பால்கனியில துளசித் தொட்டிய மாத்தி வெச்சிருக்கறான், வெய்யிலே படாத எடத்துல. அது பட்டுப் போகும். எனக்கென்ன வந்துச்சு.

அந்த மருதாசலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் சேஃபோ. அவன் பாட்டுக்கு ஒண்டியாளா கராஜுக் கதவு மேல பந்தை வீசி வீசிப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கறான். ஊருல இந்த ஆட்டத்துக்கு டீமே இல்லை, அவன் யாருகூட ஆடுவான்? மருதாசலம் போயி என்னப்பான்னு கேட்டிருக்கறான். அப்புறம் எனக்கு ஃபோனைப் போட்டு, 'நாச்சி, ஓடியா, வெள்ளைக்காரன் ஊருல ஒருத்தன் கபடி ஆடறான்'னான். போய்ப் பார்த்தா இது. மருதாசலம் அங்கேயே சொன்னான், 'டேய், நம்ம ஒரு கழகம் ஆரம்பிக்கலாம்டா'ன்னு. நான் சரின்னேன்.

அதாவது யோசனை அவன்றது. கோச்சு அவனுக்குத் தெரிஞ்ச ஆளு. பார்க்கு ஆபீசுக்கு அலைஞ்சு மைதானம் வாங்குனது அவன். பசங்களைப் புடிச்சாந்ததும் பெரும்பாலும் அவன்தான். ஆனா சரின்னு சொன்னது யாருங்க? சரின்னு சொல்ல ஒரு ஆளு இல்லீன்னா எந்த யோசனையும் நடக்காது. அதனால ஆரம்பிச்சது நான்னு ஆகுதில்லீங்களா. ஆகுது.

சேஃபோ என்ன கேட்டான்னா, நாலு பந்து, ஒரு மைதானம், ஓடறதுக்குப் பதிமூணு பேரு. அவ்வளவுதான் கேட்டான். நாங்க விடுவோமுங்களா? எந்தக் காரியமா இருந்தாலும் அதுக்கு ஒரு முறை இருக்குதில்லை. தமிழ்ச் சங்கத்துல இருவது வருசம் குப்பை கொட்டுன அனுபவம் சும்மாவா போகும். மொத ஞாயித்துக்கிழமையே பொதுக்குழுவைக் கூட்டிப்போட்டோம். தலைவர் நானு. செயலாளர் மருதாசலம். பொருளாளர், துணைத் தலைவருங்க மூணு பேரு, இணைச் செயலாளருங்க, தணிக்கையாளரு. எல்லாம் போட்டு முடிச்சப்புறம் ஒரு பெரியவரு மட்டும் மூலையில மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாரு. அவரைக் கொள்கை பரப்புச் செயலாளர்னு போட்டோம். ரக்பிக்கு என்ன கொள்கைன்னு கேக்காதீங்க தம்பி. மனுசரு சந்தோசமா ஊட்டுக்குப் போனாரு.

சேஃபோ ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான். 'இதுல ஆடறது எத்தனை பேரு?'ன்னு கேட்டான். 'அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்'னு சொன்னேன். அவன் தலையைத் தலையை ஆட்டுனான்.

அப்புறம் தொடக்க விழா. அதைச் சொல்லோணும். பார்க்குல நடு மைதானத்துல குத்துவெளக்கு வெச்சோம். ஹூஸ்டன் காத்துக்கு எந்தத் திரி நிக்கும்? நாலு பேரு கொடையைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க, அப்பவும் நிக்கலை. கடைசியில வெளக்கை என்ற காருக்குள்ள வெச்சு ஏத்தி, எல்லாரும் கண்ணாடி வழியாக் கும்பிட்டோம். சேஃபோவுக்குப் பொன்னாடை போர்த்துனோம். நல்ல ஜரிகைப் பொன்னாடைங்க. அவன் அது கழகத்து யூனிஃபார்ம்னு நெனைச்சுக்கிட்டான். அடுத்த பயிற்சிக்கு அதைப் போர்த்திக்கிட்டே வந்து, அதோடயே ஓடி, அதோடயே புரண்டு எந்திரிச்சான். சொல்றதுக்கு யாருக்கும் வாய் வரலை. அதுக்கப்புறம் திருஷ்டிப் பூசணிக்காய் ஒடைச்சோம் பாருங்க, குங்குமமும் சதையுமா புல்லெல்லாம் செவந்து போச்சு, பார்க்குக் காவல்காரன் ஓடி வந்து, 'யாருக்கு என்ன ஆச்சு'ன்னு கேக்கறான். 'இனிமே யாருக்கும் எதுவும் ஆகக்கூடாதுன்னுதான்'னு மருதாசலம் சொன்னான். நல்லாத்தான் சொன்னான். அந்த மாதிரிப் பேசறதுக்கு அவனுக்கு வரும்.

சிக்கனா பாஸ்தாவான்னு கேக்குது பாருங்க அந்தப் பொண்ணு. சிக்கன் வாங்குங்க. அந்த பாஸ்தா எனக்கு வேண்டாம், என்றதையும் நீங்களே சாப்பிடுங்க. சாப்பிடுங்க தம்பி, எடை கொறையக் கூடாது.

எங்க விட்டேன்? பனியனுங்க. சண்டையே அங்கதானே ஆரம்பிச்சுது.

ஆட்டக்காரங்க போடற பனியனை நாங்க திருப்பூர்ல தெச்சோம். மருதாசலத்தோட சித்தப்பா பையன் அங்க பனியன் கம்பெனி வெச்சிருக்கறான். நல்ல துணி, காங்கேயம் காளை படம் போட்டு, முதுகுல நம்பரு. நம்பரை எப்படிப் பிரிக்கறது? முறைப்படிதான். தலைவருக்கு ஒண்ணு. செயலாளருக்கு ரெண்டு. பொருளாளருக்கு மூணு. அப்படியே பதவி வரிசையில போயி, கொள்கை பரப்புக்குப் பதிமூணு. ஆடற பசங்களுக்குப் பதினாலுல இருந்து. இதுல எங்கீங்க தப்பு இருக்குது? பொண்டாட்டி சிரிச்சா. என்ற சம்சாரம் சுலோச்சனா. 'ஆடறவனுக்குக் கடைசி நம்பரு, உக்காந்திருக்கறவனுக்கு மொத நம்பரான்னு எவனாச்சும் கேக்கப் போறான்'னா. யாரும் கேக்கலை. எல்லாருக்கும் பதவி இருந்துச்சே, யாரு கேப்பாங்க.

பெட்டி வந்துச்சு. என்ற கராஜுல வெச்சுப் பிரிச்சோம். மேலயே ஒண்ணாம் நம்பர் இருந்துச்சு, நான் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அடியில கைய விட்டா இன்னொண்ணு வருது. அதுவும் ஒண்ணு. ரெண்டாம் நம்பரைத் தேடறோம், தேடறோம், இல்லவே இல்லை. மருதாசலம் மேல மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு நிக்கறான். கம்முனு சித்தப்பா பையனுக்கு ஃபோனைப் போட்டு ரெண்டை ஒண்ணாக்கச் சொல்லியிருக்கறான். கேட்டா, 'பந்தை மொதல்ல தொட்டது நான்தானே நாச்சி'ங்கறான். நானும் விடலை. 'தீர்மானம் என்ற பேருல இருக்குது'ன்னேன். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டோம்.

மொத ஆட்டம் டாலஸ்ல இருந்து வந்த டீமோட. இங்கதான் தம்பி கவனிக்கோணும். அந்த ஆட்டத்துல ஒண்ணுல இருந்து பதிமூணு வரைக்கும் நம்பரு போட்டவங்கதான் மொதல்ல எறங்கறது வழக்கமாம். பதினாலுக்கு மேல இருக்கறவங்க மாத்தாளுங்க, வெளிய உக்காந்திருக்கறவங்க. சேஃபோ பசங்களை நல்லாப் பழக்கி வெச்சிருக்கறான். நடுவரு வந்து, 'ஒண்ணுல இருந்து பதிமூணு, எறங்குங்க'ங்கறாரு. எங்க நிர்வாகக் குழு எறங்கிப்போச்சுங்க. தொப்பையும் கண்ணாடியுமா, தணிக்கையாளரு இடுப்புக்கு பெல்ட்டுக் கட்டிக்கிட்டு, எல்லாரும் வரிசையா எறங்கிட்டாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. டாலஸ் பசங்க எங்களைப் பார்த்துப்போட்டு, இது வேற எதோ விழான்னு நெனைச்சுக் கைதட்டுனாங்க.

நடுவரு எண்ணறாரு. ரெண்டு ஒண்ணு இருக்குது. ஒருத்தரு வெளிய போங்கறாரு. நான் அவனைப் பார்க்கறேன். அவன் என்னைப் பார்க்கறான். ரெண்டு பேரும் அசையலை. 'நீ போடா.' 'நீ போடா.' 'உனக்கு முட்டி சரியில்லை.' 'உனக்குச் சக்கரை.' டாலஸ் பசங்க மரத்தடியில உக்காந்து எங்க புளிசாதத்தைக் காலி பண்ணிட்டாங்க. கடைசியில சேஃபோ வந்து எங்க ரெண்டு பேரு காலரையும் புடிச்சு, ரெண்டு பூனையைத் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டுப் போயி வெளிய உக்கார வெச்சான். பாதி நிர்வாகக் குழுவையும் வெரட்டிப்போட்டுப் பசங்களை எறக்குனான். அறுபத்தி ரெண்டுக்கு நாலு தோத்தோம். அந்த நாலும் கொள்கை பரப்புச் செயலாளரு எடுத்ததுங்க. பந்து கையில வந்து விழுந்துருச்சு, பின்னால தடியன் ஒருத்தன் தொரத்தறான், உசுருக்குப் பயந்து ஓடுனாரு. ஓடுன எடம் கோட்டுக்கு அந்தப் பக்கம். போயி குப்புற விழுந்தாரு, நாலு பாயிண்ட்டுன்னுட்டாங்க.

அன்னைக்கு வேற ஒண்ணும் தெரிஞ்சுது. ஒண்ணாம் நம்பர்ங்கறது இந்த ஆட்டத்துல முன்னாடி நிக்கறவன் இல்லீங்களாம். எல்லாருக்கும் பின்னாடி, கடைசியில ஒண்டியா நிக்கற ஆளாம். முன்னால எல்லாரும் விட்டுட்டா அவன்தான் புடிக்கோணும். அதுக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்.

ஆனா தெரிஞ்சப்புறம் மட்டும் விட்டுக் குடுக்க முடியுமுங்களா? கார் பார்க்கிங்குல வெச்சுப் பேச்சு தடிச்சுப் போச்சு. நான் என்ன சொன்னேன்னு முழுசா சொல்ல மாட்டேன். காலேஜு நாள்ல அவன் புடியை விட்டுத் தோத்த ஒரு ஆட்டத்தை இழுத்துப்போட்டேன். அவன் பனியனைக் கழட்டி மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டுப் போயிட்டான். அடுத்த வாரம் பாதிப் பசங்களைக் கூட்டிக்கிட்டுத் தனியா கழகம் ஆரம்பிச்சுட்டான். நம்முளது ஹூஸ்டன் கொங்கு காளைகள். அவன் வெச்ச பேரு ஹூஸ்டன் அசல் காங்கேயம் காளைகள். அசலாமா. அப்ப நாங்க என்னங்க?

சேஃபோகிட்ட போயி அழுவாத கொறையாச் சொன்னேன், 'கழகம் ஒடைஞ்சு போச்சப்பா'ன்னு. அவன் என்னை அப்படியே தூக்கித் தட்டாமாலை சுத்திப்போட்டான். 'ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டாலஸ்ல இருந்து ஆளு கூப்பிடோணுமேன்னு தூக்கமில்லாம கெடந்தேன். இப்ப ஊருக்குள்ளயே ரெண்டு டீம். எப்படியாச்சும் இன்னொருக்கா ஒடைச்சுக் குடுங்க, லீக்கே நடத்திப்போடலாம்'ங்கறான். செவ்வாய்க்கிழமை எங்க பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறான், வியாழக்கிழமை மருதாசலத்தோட பசங்களுக்கு. எங்க ஆட்டத்தை அவங்களுக்குச் சொல்லிருவியான்னு கேட்டா, 'ரெண்டு பேருக்கும் ஒரே ஆட்டந்தானே தெரியும்'ங்கறான்.

அப்புறம் பெரிய மனுசங்க நாலு பேரு கோயில் கேண்டீன்ல உக்கார வெச்சுப் பேசுனாங்க. மூஞ்சி குடுத்துப் பேச மாட்டோம்னு ரெண்டு பேரும் தூணைப் பார்த்துப் பேசுனோம். வருசா வருசம் ஆடி நோம்பிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு கழகமும் மோதறதுன்னு முடிவாச்சு. அன்னைக்குப் பதிமூணு ஆளை எறக்க முடியாத கழகம் கலைச்சுப்போட்டு மத்ததுல சேர்ந்துக்கோணும். அந்த ஷரத்தைப் போட்டது நான்தான். மருதாசலத்துக்கு ஆளைச் சேர்த்து வெச்சுக்கத் தெரியாதுங்க, சேர்க்கத்தான் தெரியும். ஒரு வருசத்துல கலைச்சிருவான்னு கணக்குப் போட்டேன்.

மூணு வருசமாச்சு. கலையலை.

நம்ம கழகமும் நல்லா வளர்ந்துருச்சுங்க. இப்பல்லாம் ஆடறவனுக்குத்தான் நம்பரு. போன வருசம் எனக்கே ஒரு நெருக்கடி வந்துச்சு. ஆடி வந்துருச்சு, ரெண்டு ஆளு கொறையுது. எனக்குச் சோறு எறங்கலை. அப்பப் பாருங்க, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு டோங்கா தேசத்துப் பசங்க ரெண்டு பேரு, அண்ணன் தம்பி, தானா வந்து நிக்கறாங்க. ஆளு ஒவ்வொருத்தனும் உங்களைவிட ஒரு பிடி ஒசரம். 'யாரு தம்பி அனுப்புனாங்க'ன்னு கேட்டேன். ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிக்கறாங்க, சொல்ல மாட்டேங்கறாங்க. 'நாச்சி சார் பேரைக் கேள்விப்பட்டு வந்தோம்'னான் சின்னவன். என்ற பேரு டோங்காக்காரங்க வரைக்கும் போயிருக்குது பாருங்க. நானே எதிர்பார்க்கலை.

மருதாசலமும் இப்படிச் சொல்லிக்குவான். ஆனா அது வேற கதைங்க, கேளுங்க.

அவனைப் பத்தி நான் விசாரிக்கறதே இல்லை. ஆனா பொம்பளைங்க நிறுத்துவாங்களா? சுலோச்சனாவும் அவன் சம்சாரம் கலாமணியும் தெனமும் ஃபோன்ல பேசிக்குவாங்க. நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கறவன் இல்லீங்க. அவ பேச்சுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதேன்னு டிவி சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்குவேன், அப்ப தானா காதுல விழுகும். அவனுக்கு எடது முட்டி இன்னும் மோசமாயிருச்சு. மாத்திரைய மாத்தியிருக்கறாங்க. அது வயித்துக்கு ஆகாத மாத்திரை, சாப்பாட்டோட போடோணும். போட மாட்டான், மறந்துருவான். மவன் சியாட்டில்ல இருக்கறான். 'அங்க இன்னும் என்னப்பா, வந்துருங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கறானாம்.

அவன் கழகத்துல போன தை மாசத்துல இருந்து ஆளு கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ரெண்டு பசங்க வேலை மாறி ஆஸ்டின் போயிட்டாங்க. ஒருத்தனுக்குக் கல்யாணமாச்சு, பொண்டாட்டி விடமாட்டேங்குது. பதினொண்ணுல வந்து நின்னுச்சு. எங்க நிர்வாகக் குழுவுல ஒரே குதூகலம். 'தலைவரே, இந்த வருசத்தோட அவங்க கதை முடிஞ்சுது, பாயசம் வெக்கலாம்'னு தணிக்கையாளரு சொல்றாரு. நானும் சிரிச்சேன். சிரிச்சுப்போட்டு ஊட்டுக்கு வந்தேன். அன்னைக்கு என்ற கேட்டைப் பத்த வெக்க ஹெக்டர்னு ஒரு மெக்சிகோப் பையன் வந்திருந்தான். வெல்டரு. கையி ஒவ்வொண்ணும் தேங்கா மட்டை மாதிரி. என்னமோ தோணுச்சு. 'தம்பி, வியாழக்கிழமை சாயங்காலம் ஓய்வா'ன்னு கேட்டேன்.

ஆமாங்க. வியாழக்கிழமை.

ஹெக்டரு போயிச் சேர்ந்துட்டான். பன்னெண்டு ஆச்சு. யாரு அனுப்புனாங்கன்னு சொல்லக் கூடாதுன்னு அவனுக்குச் சத்தியம் வாங்கியிருந்தேன். அவன் சொல்லலை. ஆனா மருதாசலம் என்ன பண்ணுனான்னா, 'என்ற பேரைக் கேட்டு மெக்சிகோக்காரன் தானா தேடி வர்றான்'னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். கோயில்ல ஒருத்தரு விடாமச் சொல்லியிருக்கறான். என்ற காதுக்கே வந்துச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. வாயைத் தொறந்து சொல்லவும் முடியாது, கேட்டுக்கிட்டு இருக்கவும் முடியாது. எத்தனை வயசானாலும் ஒரு மனுசன் தன் பேரைப் பத்தி இப்படியா நெனைச்சுக்குவான்?

இப்பப் புரியுதுங்களா தம்பி. அந்தப் பன்னெண்டு பேரு எங்க ஆளுங்க இல்லீங்க. நம்மகிட்ட பதினெட்டுப் பேரு இருக்கறாங்க, வெளிய உக்கார எடமில்லை. கொறையறது அங்க.

அதுக்கு எனக்கென்னன்னு கேப்பீங்க. சுலோச்சனாவும் கேட்டா. கல்யாணத்துக்கு ஹூஸ்டன்ல இருந்து கெளம்பறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி கலாமணி ஃபோன் பண்ணி அழுதிருக்குது. ஆடி ஆட்டம் நடக்கலீன்னா வீட்டை வித்துப்போட்டு சியாட்டில் போயர்றேன்னு மருதாசலம் சொல்லிட்டானாம். 'நாச்சி கழகத்துல போயிச் சேர்ந்து ஓரமா நிக்கறதுக்கு, அந்த சியாட்டில் மழையில போயி உக்காந்துக்கறேன்'னு சொன்னானாம். போகட்டும்னுதான் நெனைச்சேன். கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்கறேன், எல போட்டுட்டாங்க, பக்கத்துல ஒரு எடம் காலியா இருக்குது. யாரோ வந்து உக்காரப் போனாங்க. 'ஆளு வருது'ன்னு சொல்லிப்போட்டேன். யாரு வர்றான்? யாரும் வரலை. எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியலை. ஒரு வாய்ச் சோத்துக்கு மேல எறங்கலீங்க.

அந்த ஊருல எனக்கு அவனைத் தவிர யாருங்க இருக்கறாங்க. சங்கத்துல நூறு பேரு வணக்கம் சொல்லுவாங்க. இவன் ஒருத்தன்தான் 'டேய்'ம்பான். இப்பவும் ஆட்டத்தன்னைக்கு மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிப்பான். நான் இந்தப் பக்கம். பேச மாட்டோம். ஆனா நம்ம பசங்க புடியை விட்டா அவன் சிரிக்கறது இங்க வரைக்கும் கேக்கும். வருசத்துல அந்த ஒரு நாளு கேக்குதில்லீங்களா. அதுவும் இல்லாமப் போச்சுன்னா, நான் ஞாயித்துக்கிழமையெல்லாம் என்ன பண்ணுவேன்?

நம்பரைக் குறிச்சுக்குங்க. அவன்றதுதான். ஃபோனைப் பார்க்க வேண்டியதில்லை, எனக்கு வாயிலயே வரும். எறங்குன மொத ஞாயித்துக்கிழமையே கூப்பிடுங்க, காலையில கூப்பிடுங்க, காபி குடிக்கற நேரம். ஒண்டியாத்தான் உக்காந்திருப்பான். யாரு சொன்னாங்கன்னு கேப்பான். 'உங்க பேரைக் கோபியிலயே கேள்விப்பட்டேனுங்க அண்ணா'ன்னு சொல்லுங்க. நம்பிருவான். அந்த ஒரு விசயத்துல அவனுக்குக் கொஞ்சம் வெவரம் பத்தாது. போனவொடனே உக்கார வெச்சு மூணு மணி நேரம் கதை சொல்லுவான், ஹூஸ்டன்ல ரக்பி லீக்கை ஆரம்பிச்சதே அவன்தான்னு. மறுத்துப் பேச வேண்டாம், ஆமான்னு கேட்டுக்குங்க. அப்படியே பேச்சோட பேச்சா, அந்த மாத்திரையச் சாப்பாட்டோட போடச் சொல்லுங்க. உங்க மாமனுக்கு அப்படித்தான் டாக்டரு சொன்னாருன்னு சொல்லுங்க.

என்ன, சிரிக்கறீங்க? சரின்னு சொல்லுங்க தம்பி. ஒரு சரிதான் வேணும்.

நல்லதுங்க. ரொம்ப நல்லதுங்க.

ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிப்போடறேன், அப்புறம் மனசுல வெச்சுக்காதீங்க. ஆட்டத்தன்னைக்கு நம்ம டோங்காப் பசங்க ரெண்டு பேரும் நேரா உங்க மேலதான் வருவாங்க. நான்தான் அனுப்பி வெப்பேன். நல்லாவே சாய்ப்பாங்க. தலையை ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சுக்குங்க, தொடையைப் புடிங்க, புடிச்சா விட்டுராதீங்க. ஏன்னா அவனை நாங்க இந்த வருசம் ஜெயிச்சே ஆகோணுங்க. அதுக்கு மொதல்ல அவன் எதுத்தாப்புல நிக்கோணுமில்லீங்களா.